இறங்குவதற்கு வழி கேட்டவன்

மிஸ்டர் டானின் அறையில் ஏர்கோன் குளிர் எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும். அன்றைக்கு எனக்கு வியர்த்தது.

அவர் எங்கள் தொழிற்சாலை மேனேஜர். அவருக்குக் கீழே ஒரு பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவந்த காப்பியை ஸ்ட்ராவால் உறிஞ்சிக்கொண்டே, உட்காரும்படி கண்ணைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவின் சாலையில் கம்பெனி பஸ்கள் நனைந்து நின்றன.

"சொல்லு சேகர்" என்றார். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பாஸ், எனக்கு இந்த சூப்பர்வைசர் வேலை வேணாம். மறுபடியும் டெக்னிஷியனாவே போயிடறேன்."

அன்று கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் மோட்டார் சைக்கிளில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். வெளியே வந்ததும் வேறு யாரோ சொன்னது போல இருந்தது.

ஸ்ட்ரா பையின் அடியைத் தொட்டுக் கர்ரென்றது. அவர் பையைக் கீழே வைத்தார்.

"வேற கம்பெனி கூப்பிடுதா?"

"இல்ல பாஸ்."

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. உங்களுக்கும் கொஞ்சம் முன்கதை சொல்லியாக வேண்டும். சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு வாசகி, "புத்தகம் படித்து ஆட்களை நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்தே இந்த வாரப் பத்தியை எழுதுகிறேன்.

பொறுப்பு வந்த விதம்

எங்கள் தொழிற்சாலையில் கணினிச் சில்லு செய்கிறோம். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லின் மேல் வைத்து ஒட்டும் இயந்திரங்கள் என் பிரிவில் வரிசையாக இருக்கும். தையல் மிஷின் ஊசி போல அவை டிக் டிக்கென்று கொத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நான் டெக்னிஷியனாக இருந்தபோது அடுத்த பிரிவிலிருந்தும் என்னைக் கூப்பிடுவார்கள்.

நோய்த்தொற்றுக் காலம் முடிந்து தொழிற்சாலைகள் ஆள் கிடைக்காமல் திண்டாடிய சமயம் அது. எங்கள் சூப்பர்வைசர் பினாங்குக்கு வேலை மாறிப் போனார். "மிஷினை நல்லாத் தெரிஞ்சவன் நீ. பிரிவைப் பார்த்துக்கோ" என்றார் மிஸ்டர் டான். மறுக்கத் தோன்றவில்லை. அப்பா முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் போய், அந்த இடத்தில் வீடுகள் வந்தபிறகு எங்களோடு டவுனுக்கு வந்துவிட்டார். என் மனைவி மாலாவிடம் விஷயத்தைக் கேட்டவர், அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். திரும்பி வருவதற்குள் எனக்கு இன்னொரு பதவி உயர்வும் கிடைத்திருந்தது. டீக்கடையில் அவர் சொன்னது 'மேனேஜர்' என்று.

ஒரு மண்டோர் கதை

அப்பா வேலை செய்த தோட்டத்தில் ஒரு மண்டோர் இருந்தாராம். வெட்டுக்காரர்களை மேற்பார்ப்பது அவர் வேலை. அதற்கு முன்னால் அவரே பெரிய வெட்டுக்காரர். பட்டையில் காயம் படாமல் கோடு இழுத்த மாதிரி வெட்டுவாராம். மண்டோர் ஆனபிறகு மற்றவர்கள் வெட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கத்தியைப் பிடுங்கித் தானே வெட்டிக் காட்டுவார். அவர் பாதி நிரை மரங்களை வெட்டி முடித்திருப்பார், ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதை அப்பா சொல்லும்போது நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். சூப்பர்வைசரான முதல் மாதமே அந்தச் சிரிப்பு நின்றது. என் கையும் அதே மாதிரி, கேட்காமலேயே ஸ்க்ரூட்ரைவருக்குப் போனது. டெக்னிஷியன்கள் ஒதுங்கி நின்று கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்கு ஆட்களை வேலை வாங்கத் தெரியவில்லை என்று புரிந்தது. தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மிஷினை அப்படித்தான் கற்றுக்கொண்டேன், கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து.

பஸ்ஸில் படித்தவை

பட்டர்வொர்த் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடை. அங்கே நிர்வாகப் புத்தகங்களுக்கென்று ஒரு மூலை உண்டு. ஆங்கிலம், மலாய், எப்போதாவது ஒன்றிரண்டு தமிழ். அட்டையில் கோட்டுப் போட்டவர்கள் கைகட்டிச் சிரிப்பார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று வாங்கிவிடுவேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பேன். தெரியாத சொல்லுக்குக் கைப்பேசியில் பொருள் பார்ப்பேன். ஈரமான காலணி வாசனையும், யாராவது கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றின் வாசனையும் அந்தப் புத்தகங்களை நினைத்தால் இன்றும் வருகின்றன.

புத்தகங்கள் பொய் சொல்லவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். தவறு நடந்தால் ஆளைப் பற்றிப் பேசாதே, நடந்ததைப் பற்றிப் பேசு என்று ஒன்றில் படித்தேன். அதை வீட்டில் இன்றும் கடைப்பிடிக்கிறேன், மாலாவுக்கு அதில் பெரிய நிம்மதி. ஆனால் படித்ததை எல்லாம் பிரிவில் கொண்டுபோய் வைத்தபோது, அது வேறு மாதிரி ஆனது.

ஒரு புத்தகம், ஒவ்வொரு ஊழியரையும் தனியாக அழைத்து மனம் விட்டுப் பேசச் சொன்னது. நல்ல யோசனை என்று தோன்றியது. கேண்டீனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வரச் சொன்னேன். முதலில் வந்தவர் ஆப்பரேட்டர் கமாரியா. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் கண் கலங்கிவிட்டது. அடுத்து வந்தவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதாக வசந்தா வந்தாள்.

வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆப்பரேட்டர். தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பாடுவாள். வாய் ஓயாது. சில்லில் தூசு படாதிருக்க உடம்பு முழுக்க மூடிய வெள்ளை உடையில் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவோம், கண் மட்டும்தான் வெளியே. ஆனாலும் வசந்தா எங்கே நிற்கிறாள் என்று தெரியும். அங்கேதான் சிரிப்பு கேட்கும்.

வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணே, யாரை வேலைய விட்டு நிறுத்தப் போறீங்க? நேரா சொல்லிருங்க லா. வெளியில எல்லாரும் செத்துச் செத்துப் பொழைக்கிறாங்க."

"யாரையும் நிறுத்தல வசந்தா. சும்மா பேசலாம்னுதான்."

"சும்மா பேசறதுக்கு எதுக்குண்ணே கதவைச் சாத்தறீங்க?"

கதவைச் சாத்தச் சொன்னது புத்தகம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

லெட்சுமியின் படம்

இன்னொரு புத்தகம், பாராட்டை எல்லார் முன்னிலையிலும் சொல் என்றது. லெட்சுமி அக்கா பிரிவிலேயே நிதானமான கைக்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தவறே வராது. அவர் படத்தை எடுத்து, நட்சத்திரம் ஒட்டி, லாக்கர் அறைச் சுவரில் மாட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுவாரம் அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"தம்பி, அந்தப் படத்தை எடுத்துரு."

"ஏங்க்கா? நல்லாத்தானே இருக்கு."

"பஸ்ஸுல எனக்கு யாரும் சீட்டு பிடிச்சு வைக்க மாட்டேங்கிறாங்க. நின்னுக்கிட்டே வர்றேன். முட்டி வலிக்குது தம்பி."

அன்றே எடுத்துவிட்டேன். ஆணி மட்டும் சுவரில் நின்றது.

சிரிக்கலாம். எழுதும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. வாராவாரம் ஏதாவது ஒன்று. இரண்டு பேர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார்கள். எம்சி என்று மருத்துவ விடுப்பு எடுப்பவர்கள் அதிகமானார்கள். வயிற்று வலிக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு காஸ்ட்ரிக் மாத்திரை, பின் ஒன்று. ஞாயிறு சாயங்காலம் வெளிச்சம் குறையத் தொடங்கியதும் யாரிடமும் பேசமாட்டேன். மாலா தட்டை வைத்துவிட்டுப் போவாள்.

குளிர்காற்றுக்குக் கீழே

எங்கள் பிரிவில் கடைசி மேசைக்கு நேர் மேலே ஏர்கோன் காற்று கொட்டும். அங்கே உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகும். அந்த இடத்துக்கு யாரும் போகமாட்டார்கள். நான் ஓர் அட்டவணை போட்டேன், ஆளுக்கு ஒரு வாரம். நியாயமாக நடந்தால் சண்டை வராது என்று படித்திருந்தேன். அப்படியும் வந்தது. கமாரியாவுக்குக் குளிரில் மூச்சு இழுக்கும். அவர் முறை வந்தபோது மாட்டேன் என்றார். அப்படியானால் நானும் மாட்டேன் என்றார் இன்னொருவர். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வரவிருந்த வாரம் அது. சத்தம் ஏறிக்கொண்டே போனது.

அதே நேரம் மூன்றாவது மிஷின் நின்றுவிட்டது. டெக்னிஷியன் ஒருவர் எம்சியில், மற்றவர் வேறு மிஷினில். சண்டையைப் பார்ப்பதா, மிஷினைப் பார்ப்பதா? நான் மிஷினுக்குப் போனேன். மூடியைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. முழங்காலிட்டு உட்கார்ந்து, கம்பி வரும் பாதையை விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கோ ஒரு சின்ன வழிகாட்டி தேய்ந்து பிசிறு தட்டியிருந்தது. கழற்றினேன், மாற்றினேன், சரிபார்த்தேன். டிக் டிக்கென்று அது மறுபடியும் கொத்தத் தொடங்கியபோது, காலையிலிருந்து வயிற்று வலி இல்லை என்பது உறைத்தது. மாத்திரை போட மறந்திருந்தேன்.

எழுந்து திரும்பினால் பிரிவு அமைதியாக இருந்தது. எல்லாரும் வேலையில். கடைசி மேசையில், காற்றுக்கு நேர் கீழே, லெட்சுமி அக்கா.

வசந்தாவைக் கூப்பிட்டேன். "என்னா நடந்துச்சு?"

அவள் கிட்டே வந்து குரலை இறக்கினாள். அவள் குரலை இறக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"லெட்சுமி அக்காவுக்கு உடம்பு கொதிக்குதுண்ணே. பொம்பளைங்களுக்கு வர்ற அந்த வயசு. இந்த உடைக்குள்ள அவங்களால இருக்கவே முடியல. ரொம்ப நாளா அந்த இடம்தான் வேணும்னு இருந்திருக்காங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்ட எப்படிண்ணே சொல்லுவாங்க? உங்க அட்டவணையில அவங்க முறை வர்ற வாரத்துக்கு எப்படிக் காத்துக்கிட்டு இருந்தாங்க தெரியுமா? நீங்க மிஷின்ல இருந்தப்ப, இடைவேளையில கேண்டீன்ல உக்காந்து பேசிட்டோம். இனிமே அது அக்கா இடம். எல்லாருக்கும் சரி."

அன்று பஸ்ஸில் வழக்கம்போலப் புத்தகத்தை விரித்தேன். சரியான ஆளைச் சரியான இடத்தில் உட்கார வையுங்கள் என்ற கருத்து அதில் வந்தது. வேறு புத்தகங்களிலும் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும்போதெல்லாம் கமாரியாவையும் லெட்சுமி அக்காவையும் மற்றவர்களையும் மனதுக்குள் இடம் மாற்றிப் பார்ப்பேன். அந்தப் பிரிவில் நானும் ஓர் ஆள் என்பது அதுவரை தோன்றவே இல்லை. பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

தண்டனை இல்லாமல் எப்படி?

இனி மிஸ்டர் டானின் அறைக்குத் திரும்பலாம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். லெட்சுமி அக்காவின் உடல்நிலையை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சேகர், நம்ம கம்பெனியில ஒருத்தன ஏத்தி விட வழி இருக்கு. இறக்கறதுக்கு ஒரே வழிதான், ஒழுங்கு நடவடிக்கை. தப்பு செஞ்சவனத்தான் இறக்குவோம். அது உன் பேர்ல ஏறிட்டா, நாளைக்கு எவன் பார்த்தாலும் 'சேகர் என்ன திருடினான்?'னுதான் கேப்பான்."

இது நான் எதிர்பார்க்காதது. அலவன்ஸ் போகும் என்று தெரியும், அதற்கு மனதைத் தயார் செய்திருந்தேன். பெயர் போகும் என்று நினைக்கவில்லை.

"சரி, யாரு பார்த்துப்பாங்க பிரிவை?" என்றார் அவர்.

"வசந்தா."

"அந்தப் பொண்ணா? ரொம்ப சத்தம் போடுவாளே."

"போடுவா பாஸ். அவ சத்தம் போட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் மெதுவாப் பேசினாலே பயப்படறாங்க."

அவர் காலிப் பையை உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். "எச்ஆர்ல பேசிப் பார்க்கிறேன். சூசா. கஷ்டம்தான். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

பொறுப்பை எடுத்துக்கொள்வாளா என்று வசந்தாவிடம் நான் முன்பே கேட்டிருந்தேன். "நான் பாஸா வந்தா நீங்க கோவிச்சுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். "புத்தகமெல்லாம் படிக்கச் சொல்லாதீங்கண்ணே" என்றாள். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன்.

காத்திருந்த வாரங்கள்

அன்று சாயங்காலம் மாலாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். நெருப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கேட்டுட்டீங்களா? நெசமாவா?"

"கேட்டுட்டேன். நடக்குமான்னு தெரியல. அலவன்ஸ் போயிரும் மாலா."

"போனாப் போவுது. ஞாயித்துக்கெழம ஆனா எழவு வீடு மாதிரி உக்காந்திருப்பீங்க. பாக்கவே முடியலங்க."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கருவாட்டுப் புகை என்றாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. பல வாரங்கள் போயின. ஒருநாள் மிஸ்டர் டான் பிரிவுக்கே நேரில் வந்தார். வெள்ளை உடையில் கண் மட்டும் தெரிய, என் தோளைத் தட்டி, "இறக்கம் இல்ல. இடமாற்றம்னு எழுதிட்டாங்க. சீனியர் டெக்னிஷியன்" என்றார். மிஷின்களின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இன்னொரு முறை கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

வசந்தா பொறுப்பேற்ற முதல் நாள், ஷிப்ட் தொடங்குமுன் எல்லாரும் வரிசையில் நின்றோம். நானும் நின்றேன். ஒவ்வொருவருக்கும் வேலை சொல்லிக்கொண்டே வந்தவள் என்னிடம் வந்ததும் தடுமாறினாள்.

"சேகர் அண்ணே... அஞ்சாவது மிஷினைக் கொஞ்சம் பாக்கறீங்களா? முடிஞ்சா."

"முடிஞ்சா என்ன, பார்க்கச் சொல்லு லா" என்றேன்.

"சரி, பாருங்க. சீக்கிரம்!" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

வாடிக்கையாளர்கள் மறுபடியும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாற்றல் கேட்ட இருவரில் ஒருவர் மட்டும் போனார், மற்றவர் தங்கிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வசந்தாவுக்கும் அவளுக்கென்று தலைவலிகள் உண்டு. ஆனால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கேண்டீனிலேயே தீர்த்துவிடுகிறாள்.

அப்பாவும் டீக்கடையும்

கடைசியில் அப்பாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு காலையில் சொன்னேன். கீழே இறங்கியிருக்கிறேன், நானே கேட்டு இறங்கியிருக்கிறேன், தண்டனை இல்லை என்று சுற்றி வளைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மத்தியானம் வரை ஆளைக் காணோம். மாலா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சொல்லிட்டேன்" என்றார்.

"யாருகிட்டப்பா? என்னா சொன்னீங்க?"

"டீக்கடையில. எல்லாருகிட்டயும். எம்மவன் ஆளப் பாக்கற வேலைய வேணாம்னு சொல்லிட்டு மறுபடியும் மிஷினுக்கே போயிட்டான்னு."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"மணியம் வீட்டு வாஷிங் மிஷின் தண்ணிய வெளிய தள்ள மாட்டேங்குதாம். அது பாட்டுக்குச் சத்தம் போடுதாம். ஞாயித்துக்கெழம வருவியான்னு கேட்டான்."

மாலா உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். அப்பாவுக்கு எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் டீக்கடை நண்பர் மணியம் வீட்டுக்குப் போனோம். மோட்டாரில் அப்பா பின்னால் உட்கார்ந்து, ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பம்ப்பைக் கழற்றினேன். உள்ளே ஒரு பள்ளிக்கூடச் சட்டைப் பட்டனும், துருப்பிடித்த கொண்டை ஊசியும் சிக்கிக் கிடந்தன. மணியமும் அவர் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மருமகன் குழாயைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார்.

"கை வைக்காத!" என்றார் அப்பா. "எல்லாரும் தள்ளி நில்லுங்க. அவன் பாப்பான்."

தள்ளி நின்றார்கள். நான் பம்ப்பைத் திரும்பப் பொருத்தி, சுவிட்சைப் போட்டேன். அழுக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு சாக்கடைக்குள் ஓடியது. அது முழுவதும் ஓடி முடியும்வரை அப்பா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.